பெயர் பொருந்தாத கோரிக்கைக்கு வெப் சர்வர் எந்தத் தளத்தைக் காட்ட வேண்டும்?

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை ஒன்றின் தளமும் தர்மபுரி ஜவுளிக்கடை ஒன்றின் தளமும் என்ஜின்எக்ஸ் (nginx) என்ற வெப் சர்வர் மென்பொருள் ஓடும் ஒரே சர்வரில் இருக்கையில், ஐபி முகவரியைத் தட்டினால் ஆலையின் பக்கமே வருவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிரௌசர் ஒவ்வொரு கோரிக்கையிலும் தளத்தின் பெயரை 'ஹோஸ்ட்' என்ற தலைப்பில் அனுப்புகிறது. அது எந்த சர்வர் பகுதியோடும் (அமைப்புக் கோப்பில் ஒரு தளத்துக்கென எழுதப்படும் 'server' தொகுதி) பொருந்தாவிட்டால், கோரிக்கை வந்த போர்ட்டுக்கு (இணைப்புகள் வந்துசேரும் எண்ணிட்ட வாயில்) முதலில் படிக்கப்பட்ட பகுதியே பதில் சொல்லும். கோப்புகள் அகரவரிசையில் படிக்கப்படும்போது ஆலையின் கோப்பு முந்திவிட்டிருக்கும். அப்பாச்சி என்ற மற்றொரு வெப் சர்வரிலும் இதே கதைதான்.

இதைத் தற்செயலுக்கு விடவே கூடாது. நாளை முன்பின் தெரியாத ஒருவர் தம் டொமைனை உங்கள் ஐபிக்குத் திருப்பினால், உங்கள் வாடிக்கையாளரின் பக்கம் அந்நியப் பெயரில் தெரியும், தேடுபொறியும் அதைப் பதிந்துகொள்ளக்கூடும். எனவே தனியாக ஒரு சர்வர் பகுதி எழுதி, 'லிசன் 80' என்பதை அடுத்து 'டிஃபால்ட்_சர்வர்' சேர்த்து, உள்ளே 'ரிட்டர்ன் 444' என்று இடுங்கள். பதில் எதுவும் அனுப்பாமல் இணைப்பு மூடப்படும். 'சர்வர்_நேம்' வரியில் பலர் இடும் அடிக்கோட்டுக்குத் தனிப் பொருள் கிடையாது. அது எந்த உண்மையான டொமைனோடும் பொருந்தாத ஒரு பெயர், அவ்வளவே.

பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் இணைப்புகள் வரும் 443 போர்ட்டுக்கும் இப்படியொரு பகுதி அவசியம். அங்கே, 1.19.4 பதிப்பிலிருந்து உள்ள 'எஸ்எஸ்எல்_ரிஜெக்ட்_ஹேண்ட்ஷேக் ஆன்' என்ற வரியை இட்டால், பெயர் பொருந்தாத இணைப்பு தொடக்கத்திலேயே மறுக்கப்படும், ஆலையின் டொமைன் பெயரைத் தாங்கிய சான்றிதழ் வெளியே தெரியாது.