மண்டை நிறைந்திருக்கும்போது கவனம் எங்கே போகிறது? கேள்வி பதில்

கேள்வி (ஐடி ஊழியர்): வேலையில் மூழ்கியிருக்கும்போது மனைவி பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் எனக்குக் கேட்பதில்லை. காதில் கோளாறா?

பதில்: இல்லை. கண்ணுக்குக் கடினமான வேலை இருந்தால் காதுக்குப் போகும் கவனத்தின் பங்கு குறைந்துவிடும். உளவியலாளர் நில்லி லாவியும் சக ஆய்வாளரும் 2011இல் இதைச் சோதித்தார்கள். பார்வைக்கான வேலை கடினமானதும், நன்றாகக் கேட்கக்கூடிய ஒலியைக்கூடப் பலர் கவனிக்கவில்லை. அடுத்த முறை தோளைத் தொட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள்.

கேள்வி (கார் ஓட்டுபவர்): ப்ளூடூத்தில் பேசிக்கொண்டே ஓட்டலாமா? இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தானே இருக்கிறது?

பதில்: கூடாது. ஸ்ட்ரேயர், ஜான்ஸ்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2001இல் செய்த சோதனையில், போனைக் கையில் பிடித்துப் பேசியவர்களும் கையில் பிடிக்காமல் பேசியவர்களும் ஒரே அளவில்தான் சிக்னலைத் தவறவிட்டார்கள். ரேடியோ கேட்டவர்களுக்கு அந்தப் பாதிப்பு இல்லை. பதில் யோசித்துப் பேசுவதுதான் கவனத்தைத் தின்கிறது.

கேள்வி (ஐசியூ நர்ஸ்): அனுபவம் இருந்தால் இப்படி நடக்காது அல்லவா?

பதில்: நடக்கும். 1972 டிசம்பர் 29 இரவு, ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 என்ற பயணிகள் விமானம் அமெரிக்காவின் மயாமியில் இறங்க வேண்டும். முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. ஆட்டோபைலட்டில் 2,000 அடியில் விமானத்தை விட்டுவிட்டு, எல்லோரும் அந்த விளக்கையே நோண்டிக்கொண்டிருந்தார்கள். விமானத்தை அதே உயரத்தில் வைத்திருக்கும் ஆட்டோபைலட்டின் பிடிப்பு விடுபட்டது யாருக்கும் தெரியவில்லை. உயரம் குறைவதை எச்சரிக்கும் மணி, விமானி அறை ஒலிப்பதிவில் கேட்கிறது. ஆனால் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. விமானம் சதுப்பு நிலத்தில் விழுந்து 101 பேர் இறந்தார்கள். சக்கரம் சரியாகவே இறங்கியிருந்தது, பல்புதான் ஃப்யூஸ். தலைமை விமானி முப்பதாயிரம் மணி நேரத்துக்கு நெருக்கமாகப் பறந்தவர்! அதனால்தான் சொல்கிறேன்: ஒரு அலாரத்தை நீங்கள் பார்க்கும்போது, மற்ற மானிட்டர்களைப் பார்க்க இன்னொருவரைப் பெயர் சொல்லி நிறுத்துங்கள். "யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி (தமிழாசிரியர்): அப்படியானால் செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் சதாவதானம், அதாவது ஒரே அமர்வில் நூறு விஷயங்களைக் கவனித்துப் பதில் சொல்லும் கலை, செய்து காட்டியது எப்படி?

பதில்: அருமையான கேள்வி. அவதானத்தில் கேள்விகள் குறுக்கே குறுக்கே வரும். அவதானி (அவதானம் செய்பவர்) ஒன்றை நினைவில் நிறுத்தி, அடுத்ததை முடித்து, பழையதை விட்ட இடத்திலிருந்து தொடர்வார். கவனத்தை நூறாகப் பிரிப்பதில்லை. பயிற்சி பெற்ற நினைவும், மனப்பாடமான யாப்பும் சுமையைக் குறைக்கின்றன. கவனம் அதனால் சட்டென்று இடம் மாறுகிறது.

கேள்வி (போட்டித் தேர்வு எழுதுபவர்): படிக்க உட்கார்ந்தால் பத்து வேலை ஞாபகம் வருகிறதே?

பதில்: அவற்றைத் தாளில் எழுதுங்கள். "கேஸ் புக் செய்யணும்" என்று மட்டும் எழுதாமல், "சாப்பிட்டதும் கேஸ் புக் செய்யணும்" என்று நேரத்தோடு எழுதுங்கள். எப்போது செய்வது என்று முடிவானதும் மனம் அதைப் பெரும்பாலும் விட்டுவிடும்.