மலைப்பள்ளியில் முதல் வேலை, விட்டுவிடலாமா?

டீச்சர், வேலூர் மாவட்ட மலைக்கிராமமான பீஞ்சமந்தைப் பக்கம் முதல் பணி, மூன்று வகுப்பும் ஒரே அறையில், ராஜினாமா செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். மாறுதல் கலந்தாய்வில் மூத்தவர்கள் மலையிறங்கிவிட, அந்தக் காலியிடம் புதியவர் தலையில் விழுகிறது. முதல் ஆண்டில் துணைக்கு ஓர் அனுபவசாலியைக் கட்டாயமாக்காதது அரசின் குறை, உங்கள் குறை இல்லை.

சரி, இப்போதைக்கு வகுப்புவாரியாக நடத்தாதீர்கள், தொண்டைதான் போகும். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட முறைப்படி அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடை நிலை), மலர் (மேல் நிலை) என்று கற்றல் நிலைவாரியாக உட்காரவையுங்கள். மலர்ப் பிள்ளைகள் பயிற்சிநூலில் எழுதட்டும். நீங்கள் அரும்புப் பிள்ளைகளோடு தரையில் எழுத்து அட்டைகளைப் பரப்பி உட்காருங்கள்.

அப்புறம், வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர் வந்தால் பதிவேட்டை மட்டும் காட்டி அனுப்பிவிடாதீர்கள். ஒரு பாடம் நடத்திக் காட்டச் சொல்லுங்கள். வெட்கமே வேண்டாம், அது அவர் வேலைதான்.