எட்டு சேனல் இப்போது வேண்டாம், இரண்டில் தொடங்குங்கள்

கேள்வி: வீட்டிலேயே ரெக்கார்டிங் செய்யும் நண்பர்கள் சிலர் சேர்ந்திருக்கிறோம். மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ், கடையில் வாங்கியது, பழுதானால் சர்க்யூட் படம்கூடக் கிடைப்பதில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளும்படி, எல்லா வரைபடமும் திறந்திருக்கிற ஓர் இன்டர்ஃபேஸை நாங்களே வடிவமைக்க நினைக்கிறோம். எட்டு மைக் இன்புட், 192 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது), யூஎஸ்பியிலேயே பவர் என்று பட்டியல் போட்டிருக்கிறோம். எந்தச் சிப்பில் தொடங்கலாம், எந்த லைசென்ஸ் போடலாம்?

பதில்: நல்ல காரியம், கட்டாயம் செய்யுங்கள். ஆனால் சிப் தேடுவதற்கு முன்னால் அந்தப் பட்டியலை எடுத்துவைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கண்டென்சர் மைக்குக்கு அதன் கேபிள் வழியாகவே கொடுக்கும் மின்சாரமான பேண்டம் பவர் என்பது 48 வோல்ட், தரப்படி ஒரு மைக்குக்கு 10 மில்லிஆம்பியர் வரை கொடுக்க முடிய வேண்டும், அதாவது 0.48 வாட். எட்டு மைக்குக்கு 3.84 வாட். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவதோ 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர், மொத்தமே 2.5 வாட்தான். மற்ற எதையும் சேர்க்காமலேயே கணக்கு உதைக்கிறது.

இரண்டு மைக் என்று வைத்துக்கொண்டாலும் தாராளம் இல்லை. பேண்டமுக்கு 0.96 வாட், மைக்கின் சிறு சிக்னலைப் பெருக்கும் ஐஎன்ஏ217 போன்ற ப்ரீஆம்ப் சிப் ஒன்று ±12 வோல்ட்டில் 10 மில்லிஆம்பியர் அளவில் எடுக்கும், ஆக இரண்டுக்கும் 0.48 வாட், இந்த வோல்ட்டேஜ் எல்லாமே 5 வோல்ட்டிலிருந்து ஏற்றி எடுக்க வேண்டியவை என்பதால் 80 சதவீதத் திறன் என்று வைத்தால் 1.8 வாட் போய்விடும். மிச்சம் 0.7 வாட்டில் யூஎஸ்பி சிப், ஏடிசி (அனலாக்கை டிஜிட்டலாக்குவது), டிஏசி (டிஜிட்டலை அனலாக்காக்குவது), ஹெட்ஃபோன் ஆம்ப் எல்லாம் ஓட வேண்டும். அதனால் பவருக்கென்று தனியாக ஒரு யூஎஸ்பி-சி சாக்கெட் வைத்துவிடுங்கள். சார்ஜரிடம் பவர் கேட்கும் அதன் இரண்டு சிசி பின்களுக்கும் தனித்தனியாக 5.1 கிலோஓம் ரெசிஸ்டர் போட வேண்டும். 2019-இல் வந்த ராஸ்பெரி பை 4-இன் முதல் போர்டில் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றே போட்டிருந்தார்கள், அதனால் சில கேபிள்களில் அது பவரே எடுக்கவில்லை.

192 கிலோஹெர்ட்ஸையும் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. 48 போதும். கேட்பவர் காதில் விழப்போவது ப்ரீஆம்பின் இரைச்சல்தான். மைக்குக்குப் பதிலாக வைத்துப் பார்க்கும் 150 ஓம் ரெசிஸ்டர் ஒன்று சும்மா இருந்தாலே 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் சுமார் -131 டிபியு (ஆடியோ சிக்னலின் அளவைச் சொல்லும் அலகு, எண் கீழே போகப் போக இரைச்சல் குறைவு) வெப்ப இரைச்சல் தரும், அது இயற்கை போட்ட எல்லை. அதிகபட்ச கெயினில், அதாவது முழுப் பெருக்கத்தில், உங்கள் ப்ரீஆம்ப் -127 அல்லது -128 தொட்டால் தாராளமாகப் பெருமைப்படலாம். கெயின் 60 டெசிபலாவது வேண்டும், இல்லாவிட்டால் ஷ்யூர் எஸ்எம்7பி மாதிரி மெல்லிய சிக்னல் தரும் டைனமிக் மைக்கை வைத்திருப்பவர் முதல் நாளே குறை சொல்வார். எதிர்ப்பக்கம் நாதஸ்வரம், தவில் பதிவு செய்கிறவர்களுக்கு சிக்னலை 20 டெசிபல் குறைக்கும் பேடு சுவிட்ச் ஒன்று இருந்தால் நல்லது.

சரி, சிப். இங்கே எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: அனலாக் ஒரு போர்டு, டிஜிட்டல் ஒரு போர்டு, நடுவில் சிப்களுக்கிடையே டிஜிட்டல் ஆடியோவைக் கடத்தும் ஐ2எஸ் கனெக்டர். 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபேயோகாவில் இருந்த, ஏடிசி, டிஏசி கன்வெர்ட்டர் சிப்கள் செய்யும் ஏகேஎம் தொழிற்சாலை எரிந்தபோது அந்தச் சிப்களை நம்பியிருந்த ஆடியோ நிறுவனங்கள் பல, சர்க்யூட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. ஏடிசியும் டிஏசியும் டிஜிட்டல் போர்டில் இருந்து, அந்தச் சிப் நாளை கிடைக்காமல் போனால் நீங்கள் அந்த ஒரு போர்டை மட்டும் மாற்றினால் போதும். அதைவிட முக்கியம், வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். பொடிக் கால்கள் உள்ள சிப்கள் இருக்கும் டிஜிட்டல் போர்டை ஃபேக்டரியிலேயே அசெம்பிள் செய்து வாங்கிவிடுங்கள். அனலாக் போர்டை சாலிடரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த யாரும் கையால் செய்யட்டும். ஐஎன்ஏ217, தாட் நிறுவனத்தின் 1510 இரண்டுமே கையால் சாலிடர் செய்ய எளிதான எட்டுக் கால் டிப் வடிவில் வருகின்றன. ரெசிஸ்டர், மைக் செருகும் எக்ஸ்எல்ஆர் சாக்கெட், பெட்டியெல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கலாம், இந்த ஐசிகளை மட்டும் அங்கீகரிக்கப்பட்ட டிஸ்ட்ரிபியூட்டரிடமே வாங்குங்கள்.

யூஎஸ்பி பக்கத்துக்கு எக்ஸ்மாஸ் நிறுவனத்தின் சிப்பை எடுங்கள். யூஎஸ்பி ஆடியோவுக்கான சோர்ஸ் கோடை அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள், சிப்புக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் பூஜ்ஜியத்திலிருந்து எழுத வேண்டாம். சொந்த டிரைவர் எழுதும் ஆசை யாருக்காவது வந்தால் அன்போடு தடுத்துவிடுங்கள். யூஎஸ்பியில் ஆடியோ அனுப்புவதற்கான பொதுத் தரமான யூஎஸ்பி ஆடியோ கிளாஸ் 2-ஐ லினக்ஸும் மேக்கும் அப்படியே ஏற்கும், விண்டோஸ் 10-இல் 2017-இல் வந்த 1703 பதிப்பிலிருந்து உண்டு. விண்டோஸில் ரெக்கார்டிங் மென்பொருள்கள் தாமதத்தைக் குறைக்கப் பயன்படுத்தும் ஆசியோ டிரைவர் மட்டும் தானாக வராது, ஆசியோ4ஆல் போன்ற ஒன்றை இடையில் வைக்க வேண்டும். இதை முதல் நாளே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்.

சர்க்யூட்டில் நான் அதிகம் பயப்படுவது இன்புட்டில் 48 வோல்ட் ப்ரீஆம்புக்குள் போகாமல் தடுக்கும் இரண்டு கெபாசிட்டர்களைத்தான். பேண்டம் ஆன் ஆகியிருக்கும்போது அவை 48 வோல்ட்டுக்கு சார்ஜ் ஆகி நிற்கும். அந்த நேரத்தில் யாராவது ஒரு மிக்ஸரின் அவுட்புட்டைச் செருகினால் மொத்த சார்ஜும் ஒரே நொடியில் ப்ரீஆம்பின் காலுக்குப் பாயும், சில ஆம்பியர் அளவுக்கு. சிப் உடனே சாகாமல் இரைச்சல் மட்டும் கூடி நிற்கவும் செய்யும், அதுதான் கண்டுபிடிக்கக் கஷ்டம். ஒவ்வொரு காலுக்கும் சிறிய தொடர் ரெசிஸ்டரும் மிஞ்சிய வோல்ட்டேஜை சப்ளைக்குத் திருப்பிவிடும் கிளாம்ப் டயோடும் கட்டாயம், கெபாசிட்டர் 63 வோல்ட் தாங்க வேண்டும், பேண்டம் பவரை மைக்குக்குக் கொடுக்கும் 6.8 கிலோஓம் ரெசிஸ்டர் ஜோடி 0.4 சதவீதத்துக்குள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். அப்புறம் எக்ஸ்எல்ஆரின் முதல் பின் நேராக உலோகப் பெட்டிக்குப் போகட்டும், சிக்னல் கிரவுண்ட் வழியாகச் சுற்ற வேண்டாம். ரெக்கார்டிங்கில் 1 கிலோஹெர்ட்ஸிலோ 8 கிலோஹெர்ட்ஸிலோ மெல்லிய விசில் கேட்டால் அது யூஎஸ்பி டேட்டாவைத் துண்டு துண்டாக அனுப்பும் ஃபிரேம்களின் தாளம் கிரவுண்டில் ஏறியிருப்பது. சிப்பைச் சந்தேகிக்காமல் கிரவுண்டைப் பாருங்கள்.

லைசென்ஸ் சுலபம். செர்ன் ஆய்வகம் வெளியிட்ட திறந்த ஹார்டுவேர் லைசென்ஸான செர்ன் ஓஎச்எல் 2-ஆம் பதிப்பில் மூன்று வகை உண்டு. மாற்றிச் செய்து கொடுப்பவரும் தன் வரைபடத்தைத் திறந்துவைக்க வேண்டும் என்று நினைத்தால் எஸ் வகை, எப்படியும் பயன்படுத்தட்டும் என்றால் பி வகை. வரைபடத்தை கிகாட் என்ற இலவச சர்க்யூட் வரையும் மென்பொருளில் போடுங்கள், யாரும் காசு கொடுக்காமல் திறக்கலாம். கருவியை அடையாளம் காட்டும் யூஎஸ்பி வென்டர் ஐடிக்குப் பல ஆயிரம் டாலர் கட்ட வேண்டியதில்லை, திறந்த திட்டங்களுக்கு பிஐடி.கோட்ஸ் 1209 என்ற ஐடியின் கீழ் இலவசமாகவே எண் தருகிறது.

விலையில் கடைப் பொருளோடு போட்டி போட முடியாது, அதை உறுப்பினர்களிடம் மறைக்காதீர்கள். முதல் சுற்றில் ஐந்து போர்டு மட்டும் செய்து, எல்லாரும் இன்புட்டில் அதே 150 ஓம் ரெசிஸ்டரைச் செருகி, ஒரே கெயினில் இரைச்சலை அளந்து ஒப்பிடுங்கள். ஐந்தும் ஓரிரு டெசிபலுக்குள் வந்த பிறகு கிட்டுக்கு முன்பணம் வாங்குங்கள், அதற்கு முன் வேண்டாம்.