அமெரிக்காவில் கறுப்பின மக்களின் போராட்டங்களால் உண்மையில் ஏதாவது மாறியிருக்கிறதா, அல்லது எல்லாம் சாலை மறியலோடு முடிந்துவிடுகிறதா?

கேள்வி கேட்டவர், 2020-இல் மின்னியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தைக் காவலர் ஒருவர் முழங்காலால் அழுத்திக் கொன்றதை அடுத்து எழுந்த ஊர்வலங்களைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார், அவை மெல்ல அடங்கிப்போனதையும் பார்த்திருப்பார் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சலிப்பு எனக்குப் புதிதன்று. இதே கேள்வியை இதைவிடத் திமிராக ஒருவரிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். பதில் எழுதத் தகுதி உண்டோ இல்லையோ, அந்தக் கடன் எனக்கு உண்டு.

நான் வரலாறு படித்தவன் அல்லன். அலபாமா மாநிலத் தலைநகரான மாண்ட்காமரியில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. 2012 ஆகஸ்டில் இங்கு வந்து இறங்கியபோது காரும் இல்லை, ஓட்டுநர் உரிமமும் இல்லை. மூன்று மைல் தூரம்தானே என்று நடந்தேன். காலை ஏழு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். நடைபாதை சொல்லாமல் கொள்ளாமல் முடிந்துபோய், சரிவான புல்தரையில் காலணி வழுக்கும். ஒன்பது நாள் தாக்குப்பிடித்தேன். பத்தாம் நாள் உரிமம் கைக்கு வந்தது. அன்று மாலையே கடனுக்கு ஒரு பழைய கார் வாங்கிவிட்டேன்.

2020 ஜூன் மாதத்தில் ஒரு மாலை, வேலியோரம் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மையாரிடம், இந்த ஊர்வலங்களால் யாருக்கு என்ன பயன், வேலைக்குப் போகிறவர்களுக்கு இடைஞ்சல்தானே என்று சொல்லிவைத்தேன். அவருக்கு அப்போது 73 வயது. என் பெயர் வாயில் நுழையாததால் என்னை எப்போதும் 'மகனே' என்றே அழைப்பார். கையிலிருந்த கத்தியை நிறுத்தாமல் சொன்னார்: "மகனே, நீ ஒன்பது நாள் நடந்தாய். ஜன்னல் வழியாக எண்ணிக்கொண்டிருந்தேன். என் அம்மா 381 நாள் நடந்தார்."

1955 டிசம்பர் 1 அன்று இதே ஊரில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண், வெள்ளையருக்காகப் பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானது எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மையாரிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது அதற்குப் பிந்தைய, அந்த 381 நாள் பேருந்துப் புறக்கணிப்பின் கதை. முன்பக்கம் பத்து இருக்கைகள் வெள்ளையருக்கு என்றே ஒதுக்கப்பட்டிருக்கும். கறுப்பினத்தவர் முன்வாசலில் ஏறிக் காசு கொடுத்துவிட்டு, பல வேளைகளில் இறங்கிப் பின்வாசலுக்குப் போய் ஏற வேண்டும். அதற்குள் ஓட்டுநர் வண்டியைக் கிளப்பிவிடுவதும் உண்டு. பயணிகளில் முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர் என்பதால், அவர்கள் ஏறாவிட்டால் பேருந்துக்கு வரும்படி இல்லை. பார்க்ஸ் கைதான இரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை விடிய விடியப் பல்லாயிரம் துண்டறிக்கைகளைச் சைக்ளோஸ்டைல் எடுத்தார். டிசம்பர் 5 முதல் பேருந்துகள் காலியாக ஓடின.

அம்மையாரின் தாயார் வெள்ளையர் வீடு ஒன்றில் சமையல் வேலை செய்தவர். முதலில் கறுப்பின வாடகைக்கார் ஓட்டுநர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஏற்றிச் சென்றார்கள். 45 சென்ட்டுக்குக் குறையக் கூடாது என்ற பழைய விதியைக் காட்டி நகராட்சி அதை நிறுத்தியது. பிறகு ஏறத்தாழ 300 சொந்தக் கார்கள் முறைவைத்து ஓடின. அவற்றின் பெட்ரோலுக்கு யார் காசு கொடுத்தார்கள் என்பதுதான் என்னை உலுக்கியது. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரப் பெண், தம்மைப் போன்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு கோழி வறுத்தும் கேக் சுட்டும் விற்றுப் பணம் சேர்த்தார். பெயர் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்பதால், பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் 'எங்கிருந்தும் இல்லை' என்பதே பதில். அம்மையாரின் வீட்டு அடுப்பிலும் சனிக்கிழமை தோறும் சர்க்கரைவள்ளி பணியாரம் வெந்ததாம். எட்டு வயதுப் பிள்ளையான அவருக்கு அதில் ஓரத்துத் துணுக்கு மட்டும்தான் கிடைக்குமாம்.

நடந்ததால் மட்டுமா சட்டம் மாறியது என்று ஒருவர் கேட்பார். அதனால் மட்டும் மாறவில்லை என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். தொடக்கத்தில் அவர்கள் பிரிவினையை ஒழிக்கக்கூடக் கேட்கவில்லை. மரியாதையான நடத்தையும், முந்தி வந்தவர் முந்தி உட்காரும் ஏற்பாடும்தான் கேட்டார்கள். அதற்கும் நகராட்சி இணங்காமல், 1956 ஜனவரி 30 அன்று மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் குண்டும் வெடித்த பிறகு, இளம் வழக்கறிஞர் ஃபிரெட் கிரே கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார். கடைசிவரை வழக்கில் நின்ற நான்கு பெண்களில் ஒருவரான கிளாடெட் கால்வின், பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, 15 வயதில், இதே குற்றத்துக்காகக் கைதானவர். நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதே நாளில் உள்ளூர் நீதிமன்றம் அந்தக் கார் ஏற்பாட்டுக்குத் தடை விதித்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். ஆக, வழக்குதான் வென்றது. ஆனால் அந்த வழக்கு நடந்த மாதங்களில் ஊர் கலையாமல் நின்றதற்குக் காரணம் அந்தக் கார்களும் பணியாரங்களும்தான்.

கருத்துப் பெட்டிக்கு வரப்போகிறவர்களுக்கு ஒன்று: 2020-இல் கடைகளைக் கொளுத்தியதை நான் நியாயப்படுத்தவில்லை. எல்லாம் மாறிவிட்டது என்றும் சொல்லவில்லை. ஃபிளாய்டின் பெயரிலான காவல்துறைச் சீர்திருத்த மசோதா கீழவையில் நிறைவேறியும் செனட்டைத் தாண்டவில்லை. 1965-இல் கறுப்பினத்தவர் செல்மா நகரிலிருந்து இந்த ஊருக்கு நடந்து வந்து பெற்ற வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியமான பிரிவொன்றை 2013-இல் உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்துவிட்டது; அந்த வழக்கும் அலபாமாவிலிருந்து போனதுதான். மறுபுறம், 1819-இல் உருவான இந்நகரம் தன் முதல் கறுப்பின மேயரை 2019-இல்தான் தேர்ந்தெடுத்தது. இருநூறு ஆண்டு.

இங்கே என் சொந்த ஆற்றாமை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வாக்குரிமைச் சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டது 1965 ஆகஸ்டு 6. புதிய குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டது அதே ஆண்டு அக்டோபர் 3. அதுவரை இந்தியர்களுக்கு ஆண்டு ஒதுக்கீடு வெறும் 100 பேர். குடியேற்றச் சட்டத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் பிறப்பைப் பார்த்து ஆளைத் தரம்பிரிப்பது தவறு என்ற பேச்சு இந்த நாட்டின் சட்ட அவைக்குள் நுழைந்த வழி இந்தத் தெருக்கள்தான். இதை எங்கள் ஊர்த் தமிழர் வாட்சப் குழுவில் எழுதியதற்கு, 'நாமெல்லாம் திறமையால் வந்தவர்கள், இங்கே அரசியல் வேண்டாம்' என்று என்னை நீக்கிவிட்டார்கள். விசா வதந்தியும் தேர்தல் கணிப்பும் மட்டும் அங்கே நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தன.

பிறகொரு நாள் அம்மையாரிடம், பேருந்தில் நிறப் பிரிவினை நீங்கியதும் உங்கள் தாயார் முன்வரிசையில் உட்கார்ந்தாரா என்று கேட்டேன். ஓடும் பேருந்துகள் மீது யாரோ துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருந்ததால் சில வாரங்கள் ஏறவே இல்லை என்றார். ஏறிய பிறகும் கடைசிவரை நடுவரிசைதானாம். ஏன் என்றேன்.

"முன்னால் உட்கார்ந்தால் முகத்தில் வெயில் அடிக்கும், மகனே."