தடைக்காலத்துக்குப் பிறகு காம்பஸ் பிசகுவது ஏன்?

கேள்வி: எங்கள் இரும்புப் போட் மீன்பிடித் தடைக்காலம் முழுக்க தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் அணியம் (போட்டின் முன்பக்கம்) வடக்கே பார்த்துக் கட்டிக் கிடந்தது. இடையில் வெல்டிங் வேலையும் நடந்தது. கடலுக்குப் போன முதல் நாள், மேற்கே ஓடும்போது காம்பஸ் ஆறு டிகிரி பிசகியது. தெற்கே ஓடினால் சரியாக இருக்கிறது. ஒரு வாரத்தில் பிசகு மூன்றாகக் குறைந்தது; அதற்கு மேல் இறங்கவில்லை. காம்பஸை மாற்றலாமா? (தூத்தூர் வாசகர்)

பதில்: மாற்ற வேண்டாம். கோளாறு காம்பஸில் இல்லை, போட்டின் இரும்பில்தான்.

காந்த நடுக்கோடு நம் பக்கத்தில் போவதால் பூமியின் காந்தப்புலம் இங்கே கிட்டத்தட்டக் கிடைமட்டமாக, வடக்கு நோக்கி ஓடுகிறது. (1963இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததற்கும் இந்தக் கோடுதான் காரணம்.) ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அதே திசையில் கிடந்த போட் அணியம் முதல் பின்தலை வரை ஒரு பலவீனமான காந்தமாகிவிடுகிறது. வெல்டிங்கில் 770 டிகிரி செல்சியஸுக்கு மேல் (இரும்பு தன் காந்தத்தை இழக்கும் சூடு) சூடேறி ஆறிய இடங்களில் அது இன்னும் அழுத்தமாகப் பதிகிறது. தெற்கே திரும்பினால் இந்தக் காந்தம் ஊசியின் நேர்கோட்டிலேயே இருக்கும், அதனால் பிசகு தெரியாது. மேற்கே திரும்பினால் குறுக்கே நின்று ஊசியைத் தள்ளும். போட் மெல்ல வடக்குப் பக்கம், அதாவது கட்டிக் கிடந்த திசைக்கே, ஒதுங்கும்.

அப்புறம் பிசகு குறைவது ஏன் பாதியில் நிற்கிறது? உண்மையில் நிற்கவில்லை. இரும்புக்குள் காந்தம் ஒரே மாதிரி இருப்பதில்லை, சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. அவற்றின் எல்லைகள் நகர்ந்தால்தான் போட்டின் காந்தம் குறையும்; நகர ஒவ்வொரு இடத்திலும் ஒரு தடையைத் தாண்ட வேண்டும். குறைந்த தடைகளை வெப்ப அசைவு நொடிகளில் தாண்டிவிடும். உயர்ந்தவற்றுக்கு மாதங்கள், ஆண்டுகள்கூட ஆகும். தடை கொஞ்சம் உயர்ந்தாலே காத்திருப்பு பல மடங்கு கூடுவதை பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நீல் 1949இல் கணக்கிட்டுக் காட்டினார். எல்லாம் சேரும்போது முதல் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் குறைகிற அளவுதான், பத்தாம் நாளுக்கும் நூறாம் நாளுக்கும் இடையில் குறையும். எஞ்சின் அதிர்வும் அலையடியும் இதைக் கொஞ்சம் விரைவுபடுத்தும்.

ஆகவே, துறைமுகத்தைவிட்டு வந்த அன்றே, பிசகைச் சரிக்கட்டும் காந்தத்தைக் காம்பஸ் பக்கத்தில் வைக்காதீர்கள். நான் பார்த்தவரை அவசரப்படுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்: ஆறு டிகிரிக்கு வைத்த காந்தம் அடுத்த வாரம் எதிர்ப்பக்கம் மூன்று டிகிரி இழுக்கும். ஒன்றிரண்டு தங்கல் (கடலில் பல நாள் தங்கிப் பிடிக்கும் பயணம்) முடியட்டும். பிறகு மணக்குடிக்கு வெளியிலிருந்து முட்டம் லைட் ஹவுஸுக்கு நேரே அணியத்தைப் பிடியுங்கள். அது ஏறக்குறைய மேற்குதான். ஜி.பி.எஸ்.ஸை மேக்னெட்டிக் கணக்குக்கு மாற்றி, லைட் ஹவுஸ் இருக்கும் திசை எண்ணைக் காம்பஸோடு ஒப்பிடுங்கள். போட் ஓடும் திசை எண் இதற்கு உதவாது, நீவாடு (கடல் நீரோட்டம்) இழுத்திருக்கும். மிச்சப் பிசகை அப்போது சரிக்கட்டலாம்.

அடுத்த தடைக்காலத்தில் வெல்டிங்கை முதலிலேயே முடித்துவிட்டு, பாதியில் அணியத்தைத் தெற்கே திருப்பிக் கட்டுங்கள்.

தெற்கிலும் பிசகத் தொடங்கினால் மட்டும் காம்பஸைச் சந்தேகியுங்கள். ஒரு சின்னக் காந்தத்தால் ஊசியைச் சில டிகிரி திருப்பிவிட்டு, காந்தத்தை எடுத்துவிடுங்கள். ஊசி பழைய எண்ணுக்கே திரும்பவில்லை என்றால் அதன் முளை (ஊசி சுழலும் கூர்முனை) தேய்ந்திருக்கிறது.