ஜன்னலில் தெரியும் வயது

கேள்வி: இங்கிலாந்தின் இடைக்கால ஊர்த் தேவாலயங்களின் வயதை ஜன்னலை வைத்தே சொல்லலாமாமே? எங்கள் பக்கத்திலும் கூர்வளைவு ஜன்னல்கள் உண்டே?
- வாசகர், ராயபுரம்

பதில்: உங்கள் பக்கத்தில் இருப்பவை ஆங்கிலேயர் ஆட்சியில் அந்தப் பாணியைப் பின்பற்றிக் கட்டியவை, இந்தக் கணக்கில் சேராது. அங்கே, தடித்த சுவரில் சிறிய அரைவட்ட வளைவு ஜன்னல் என்றால் பெரும்பாலும் நார்மன் காலம், அதாவது பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய 1066-க்குப் பிந்தியது. ஒடுங்கி உயர்ந்த கூர்முனை ஜன்னல் 13-ஆம் நூற்றாண்டு. வளைவுக்குள் கல்லில் பூப்பின்னல் நெளிந்தால் 14-இன் முற்பாதி. நடுக் கல்கம்பிகள் நேராக வளைவைத் தொட்டால் அதற்கும் பிந்தியது.

ஆனால் ஏமாந்துவிடாதீர்கள். வெளிச்சம் வேண்டிப் பழைய சுவரை உடைத்துப் பெரிய ஜன்னல் வைப்பது அன்று சகஜம். ஜன்னலோரக் கல்வரிசையை உற்றுப் பாருங்கள். வரிசை அறுந்து சில்லுக்கல் அடைத்திருந்தால், சுவர்தான் மூத்தது.