ஸ்பிரிங் நன்றாக இருந்தால் ஷாக் எதற்கு?

கேள்வி: என் பழைய காரின் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் ஆயில் கசிகிறது, மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். எடையைத் தாங்குவது ஸ்பிரிங்தானே, அது நன்றாகத்தானே இருக்கிறது? மெக்கானிக்கல் படிக்கும் மகனோ, கிரிட்டிக்கல் டேம்பிங் (டேம்பிங் என்றால் ஆட்டத்தை அடக்கும் தடை; ஆட்டம் நடுநிலையைத் தாண்டாமல் நிற்கச் சரியாகப் போதுமான அளவுதான் கிரிட்டிக்கல்) இருந்தால் ஆட்டம் சீக்கிரம் அடங்கும் என்கிறான். அப்படியானால் கெட்டியான ஆயில் ஊற்றி அந்த அளவுக்கே ஷாக்கைச் செய்துவிடலாமே?
– கரூர் வாசகர்

பதில்: மாற்றிவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள். எடையைத் தாங்குவது ஸ்பிரிங்தான், ஆனால் அதற்கு வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க மட்டும்தான் தெரியும். பள்ளத்தில் ஒருமுறை அமுங்கினால் போதும், அப்புறம் யாரும் ஆட்டாமலே வண்டி மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டத்தின் ஆற்றலை வெப்பமாக்கித் தீர்ப்பது ஷாக்குக்குள் இருக்கும் ஆயில். பிஸ்டனின் சின்னத் துளைகள் வழியே அது பிதுங்கிப் போகும்போது, வேகம் கூடக் கூட எதிர்ப்பும் கூடும். கழற்றிய ஒரு நல்ல ஷாக்கை மெதுவாக அழுத்திப் பாருங்கள், இறங்கும். வெடுக்கென்று அழுத்தினால் மரம் மாதிரி நிற்கும்.

கணக்குப் போட்டே பார்ப்போம். ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ, ஸ்பிரிங்கை ஒரு செ.மீ. அமுக்க 200 நியூட்டன் விசை என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆட்டத்துக்கு சுமார் 0.77 வினாடி. ஆயில் போய் டேம்பிங் கிரிட்டிக்கல் அளவில் வெறும் 5 சதவீதமாகிவிட்டால், 5 செ.மீ. ஆட்டம் அடுத்த சுற்றில் 3.65, அப்புறம் 2.67, 1.95 என்று ஒவ்வொரு முறையும் 73 சதவீதமாகத்தான் குறையும். அரை செ.மீ. பக்கம் வருவதற்கே ஏழு சுற்று, ஐந்து வினாடிக்கு மேல் ஆகிவிடும். 60 கி.மீ. வேகத்தில் அதற்குள் வண்டி சுமார் 90 மீட்டர் போயிருக்கும், அவ்வளவு தூரமும் டயர் ரோட்டை ஒரே சீராக அழுத்தாது, அந்த நேரத்தில் பிரேக் போட வேண்டி வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்! அதுவே 30 சதவீதம் டேம்பிங் இருந்தால் ஒரே சுற்றில் 0.7 செ.மீ.க்கு வந்துவிடும்.

உங்கள் மகன் சொல்வது சரிதான், நடுநிலையைத் தாண்டாமல் திரும்புவதில் வேகமானது கிரிட்டிக்கல் டேம்பிங்தான். (கொஞ்சம் தாண்டினால் பரவாயில்லை என்றால் 70 சதவீதமே இன்னும் சீக்கிரம் அடக்கிவிடும், தாண்டுவது 5 சதவீதத்துக்கும் குறைவு.) கதவு தானாக மூட மேலே மாட்டுகிறார்களே, அதற்கு இது பொருந்தும். ஆனால் காரை ரோடு ஒருமுறை உதைத்துவிட்டு சும்மா விடுவதில்லை. ஷாக் அவ்வளவு இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு கல்லின் அடியும் நேராக உங்கள் இடுப்புக்கு வரும், அமுங்கிய சக்கரம் கீழே விரிவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். அதனால்தான் கார்களில் பெரும்பாலும் 20 முதல் 40 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அதிலும் அமுங்கும்போது குறைவாகவும் விரியும்போது அதிகமாகவும் இருக்கும்படி.

சந்தேகமாக இருந்தால் வண்டியின் பின்மூலையை ஓங்கி அழுத்திவிட்டு கையை எடுங்கள். மேலே வந்து உடனே நின்றுவிட வேண்டும், இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் போய்விட்டது. மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.